ஐந்து தலைமுறை வான்கோழி வேட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு ஆண்டுகளாக அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வசிக்கிறேன். ஏப்ரல் பிறந்துவிட்டால், பக்கத்து நிலத்துக்காரரான பெரியவர் ஒருவர் விடிவதற்கு வெகுமுன்பே என் வீட்டுக் கதவைத் தட்டுவார். எழுபதைத் தாண்டியவர். அவரோடு ஓசார்க் மலைக்காட்டுக்குள் போய், ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, வான்கோழிச் சேவலின் குரலுக்காகக் காத்திருப்பது எனக்கும் பழகிவிட்டது. நான் துப்பாக்கி எடுத்ததில்லை. காதை மட்டும்தான் கொண்டுபோகிறேன். ஆனால் அவருடைய தாத்தா, தந்தை, அவர், மகன், பேத்தி என்று ஐந்து தலைமுறையின் வேட்டைக் கதைகளை அந்த மரத்தடியில் கேட்டிருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் உறவினர்களும் நண்பர்களும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

நம் ஊர்ப் பண்ணைகளில் வளர்க்கும் வான்கோழியும் இதுவும் ஒன்றா?

இனம் ஒன்றுதான், வாழ்க்கை வேறு. வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. மெக்சிகோவில் வாழ்ந்த மக்கள் ஸ்பானியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அதைப் பழக்கி வளர்த்தார்கள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அந்த வளர்ப்புப் பறவையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அது உலகெங்கும் பரவியது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்கு 1612ஆம் ஆண்டு கோவாவிலிருந்து ஒரு வான்கோழி வந்து சேர்ந்தது. அவருடைய ஓவியர் மன்சூர் அதை வரைந்தும் வைத்தார். ஐரோப்பாவில் வளர்ந்த அதே வளர்ப்பினம் குடியேறிகளின் கப்பலில் மீண்டும் அமெரிக்காவுக்கே வந்து இறங்கியது.

காட்டில் இருப்பது இந்த ஊர்சுற்றிய பறவை அல்ல. அது காட்டை விட்டு நகராத கிளை. மிசூரியில் இருப்பது கிழக்கத்திய வகை. வளர்ந்த சேவல் எட்டு முதல் பதினொரு கிலோ வரை எடை இருக்கும். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு பறக்கும். இரவில் உயரமான மரக்கிளையில்தான் அடையும். கண் பார்வை அபாரம். நாம் ஒரு விரலை அசைத்தால் போதும், ஐம்பது அடிக்கு அப்பால் இருந்து பார்த்துவிட்டு மறைந்துவிடும்.

மயில் ஆடியதைப் பார்த்துத் தானும் சிறகை விரித்தது என்று நாம் பள்ளியில் ஏளனமாகப் படித்தோமே, அந்த எண்ணத்தோடு முதல் ஆண்டு போனேன். வெயில் சாய்வாக விழும் காட்டுத் திறப்பில் ஒரு காட்டுச் சேவல் வால் விரித்து நின்றதைப் பார்த்த அன்று அந்த எண்ணத்தை விட்டேன். செம்பு, பச்சை, வெண்கலம் என்று இறகில் நிறம் ஓடியது. தலை மட்டும் வெள்ளை, நீலம், சிவப்பு என்று நொடிக்கு நொடி மாறியது. எந்த மயிலையும் பார்த்து அது ஆட வேண்டியதில்லை.

வேட்டை என்றால் துரத்திச் சுடுவதா?

இல்லை, உட்கார்ந்து காத்திருப்பது. இதைப் புரிந்துகொண்டால்தான் தலைமுறைகளுக்கு இடையே என்ன மாறியது என்பது புரியும்.

வசந்தத்தில் சேவல் விடியற்காலையில் மரக்கிளையில் இருந்தபடியே முழங்கும். தொண்டைக்குள் கூழாங்கற்கள் உருள்வது போன்ற ஓசை; அமைதியான காலையில் ஒரு மைலுக்கு அப்பாலும் கேட்கும். அந்தக் குரலைக் கேட்டுப் பெட்டைகள் சேவலைத் தேடிப் போகும். இதுதான் இயற்கை. வேட்டைக்காரர் செய்வது இதற்கு நேர்மாறு. பெட்டையின் குரலை எழுப்பி, சேவல் தன்னைத் தேடி வரும்படி செய்யப் பார்க்கிறார். சேவலுக்கு அது பழக்கமில்லாத காரியம். பாதி தூரம் வந்து, ‘நீ வா’ என்பதுபோல் நின்றுவிடும். அங்கேயே ஒரு மணி நேரம் முழங்கும். அல்லது திடீரென்று மௌனமாகிப் பின்பக்கமாக வந்து நிற்கும். பெரும்பாலான காலைகளில் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள்.

மிசூரியில் வசந்த வேட்டை ஏப்ரல் மூன்றாம் திங்கட்கிழமை தொடங்கி மூன்று வாரம் நடக்கும். சேவலையோ, மார்பில் முடிக்கற்றை தொங்கும் பறவையையோ மட்டுமே சுடலாம். அந்த முடிக்கற்றையைத் ‘தாடி’ என்பார்கள். நடைமுறையில் தாடி உள்ளது சேவல் என்று அர்த்தம். ஒரு சேவல் பல பெட்டைகளோடு கூடும் என்பதால், அளவாகச் சேவலை எடுத்தால் குஞ்சு பொரிப்பது குறையாது என்பது இந்தச் சட்டத்தின் அடிப்படை.

பெரியவரின் தாத்தா காலத்தில் எப்படி வேட்டையாடினார்கள்?

வீட்டுக்குக் கறி வேண்டும் என்று வேட்டையாடினார்கள். அழைப்பதும் காத்திருப்பதும் அப்போதும் உண்டு. ஆனால் அது பல வழிகளில் ஒன்று. நிலா வெளிச்சத்தில் மரத்தில் அடைந்திருக்கும் பறவையை அப்படியே சுட்டு வீழ்த்தினார்கள். தரையில் நீளமாகக் குழி வெட்டி, சோளத்தைக் கொட்டி, கூட்டமாகக் குனிந்து தின்னும்போது ஒரே வெடியில் பலவற்றை எடுத்தார்கள். மரக்கட்டைகளை அடுக்கிக் கூண்டு கட்டி, அதற்குள் போகத் தரைக்கு அடியில் ஒரு பள்ளம் தோண்டி, சோளம் தூவி வைப்பார்கள். தலை குனிந்து தின்றுகொண்டே உள்ளே நுழைந்த பறவை, நிமிர்ந்த பிறகு வெளிச்சம் தெரியும் இடுக்குகளிலேயே முட்டிக்கொண்டிருக்கும். வந்த பள்ளத்தை மறுபடி குனிந்து பார்க்காது. சந்தைக்கு விற்கவும் சுட்டார்கள். சேவல், பெட்டை, பருவம் என்ற பேதம் கிடையாது.

அதைவிடப் பெரிய அடி காட்டுக்கு விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மிசூரியின் தென்பகுதியில் கிராண்டின் என்ற ஊரில் நாட்டின் மிகப் பெரிய மர அறுவை ஆலைகளில் ஒன்று இயங்கியது. இருபது ஆண்டுகளுக்குள் ஓசார்க் பைன் மரங்கள் மலைமலையாக வெட்டப்பட்டன. வெட்டிய நிலத்தை ஆண்டுதோறும் தீ வைத்துப் புல்லுக்கு விட்டார்கள். அவிழ்த்துவிட்ட பன்றிகளும் மாடுகளும் எங்கும் மேய்ந்தன. வான்கோழி தின்ன வேண்டிய ஓக் கொட்டையைப் பன்றி தின்றது. தரையில் இருந்த முட்டையையும் தின்றது. 1937ஆம் ஆண்டு மிசூரி வான்கோழி வேட்டையை முழுவதுமாக மூடிவிட்டது. மூடியபோது மூடுவதற்கு அதிகம் மிச்சமில்லை.

மற்ற மாநிலங்களின் கதையும் இதுதான். மசாசூசெட்ஸில் கடைசிக் காட்டு வான்கோழி 1851-இல் மறைந்தது. கனெக்டிகட்டில் அதற்கும் முன்பே போயிற்று. தெற்கில் மனிதர் எளிதில் நுழைய முடியாத ஆற்றோரச் சதுப்புக் காடுகளில் மட்டும் ஆங்காங்கே கொஞ்சம் ஒளிந்து பிழைத்தன.

பிறகு எப்படித் திரும்பி வந்தன?

இந்தக் கேள்விக்குத்தான் நான் மிக விருப்பத்தோடு பதில் சொல்வேன்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை, கோழிப் பண்ணை போல் வளர்த்துக் காட்டில் விடலாம் என்பது. மிசூரி அதைத்தான் செய்தது. 1925 முதல் 1943 வரை 14,000-க்கும் மேற்பட்ட பண்ணைப் பறவைகளைக் காட்டில் விட்டார்கள். அத்தனையும் வீண். நரியும் குளிரும் நோயும் தின்றது போக எஞ்சியவை வீட்டு முற்றங்களுக்கு வந்து தீவனத்துக்கு நின்றன.

ஏன் தோற்றது என்பதை ஸ்டார்க்கர் லியோபோல்ட் என்ற இளம் உயிரியலாளர் ஓசார்க் காட்டிலேயே தங்கி ஆராய்ந்து 1944-இல் வெளியிட்டார். காட்டுப் பறவைகளையும் வளர்ப்பினம் கலந்த பறவைகளையும் ஒப்பிட்டார். காட்டுப் பறவையின் மூளை பெரியது; சில சுரப்பிகளும் பெரியவை. கலப்புப் பறவைகள் குளிர் போவதற்கு முன்பே அவசரப்பட்டு முட்டையிட்டன. தாய் எச்சரித்தால் காட்டுக் குஞ்சு இருந்த இடத்திலேயே உறைந்து கிடக்கும். கலப்புக் குஞ்சுக்கு அந்த ஒழுங்கு இல்லை. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: காட்டுத்தன்மை பிறப்பில் வருவது, பண்ணையில் வளர்த்து உண்டாக்க முடியாதது.

அப்படியானால் ஒரே வழி, மிச்சம் இருக்கும் காட்டுப் பறவையையே உயிரோடு பிடித்து வேறு காட்டில் விடுவது. அவ்வளவு உஷாரான பறவையை எப்படிப் பிடிப்பது? விடை 1951-இல் தென் கரோலினாவின் பிரான்சிஸ் மேரியன் தேசியக் காட்டில் கிடைத்தது. நீர்ப்பறவைகளைப் பிடிக்க உருவாக்கிய பீரங்கி வலையை அங்கே வான்கோழிக்குப் பயன்படுத்தினார்கள். சோளம் தூவிப் பல நாள் பழக்குவார்கள். பக்கத்தில் மடித்து வைத்த வலையை இலைதழையால் மூடியிருப்பார்கள். பறவைகள் தலைகுனிந்து தின்னும் கணத்தில், மறைவில் இருப்பவர் மின்விசையை அழுத்துவார். சிறு பீரங்கிக் குழாய்களில் இருந்து எடைக்கட்டிகள் பாய்ந்து வலையை அவற்றின் தலைக்கு மேல் வீசும். சிக்கிய பறவைகளை ஓடிப்போய் எடுத்து, தனித்தனி அட்டைப் பெட்டிகளில் அடைத்து, அன்றே புதுக் காட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

மிசூரியில் இந்தப் பணி 1954-இல் பெக் ராஞ்ச் என்ற காப்புக் காட்டில் தொடங்கியது. ஓரிடத்தில் விடுவது பெரிய கூட்டம் அல்ல, கொஞ்சம் பறவைகள்தான். ஆயிரக்கணக்கான பண்ணைப் பறவைகள் செய்ய முடியாததை ஓரிரு டஜன் காட்டுப் பறவைகள் செய்து காட்டின. பிறகு மிசூரி மற்ற மாநிலங்களுக்கும் வான்கோழி கொடுத்தது. பண்டமாற்றாக விஸ்கான்சின் கொடுத்தது இன்னொரு காட்டுப் பறவையான கிரவுஸை. 1976-இல் மிசூரிப் பறவைகள் விஸ்கான்சினின் வெர்னான் மாவட்டத்தில் இறங்கின. 1983-இல் அங்கே வேட்டைப் பருவமே திறந்தது. மசாசூசெட்ஸுக்கு 1972, 73-இல் நியூயார்க்கிலிருந்து 37 பறவைகள் போயின. இன்று பாஸ்டன் புறநகர்த் தெருக்களில் அவற்றின் சந்ததி போக்குவரத்தை நிறுத்திவிட்டுச் சாலையைக் கடக்கிறது.

பெரியவரின் தந்தை அட்டைப் பெட்டியோடு வந்த வண்டி ஒன்றைப் பார்த்திருக்கிறார். பெட்டியைத் திறந்ததும் பறவை ஓடவில்லையாம். ஒரு கணம் நின்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பிறகு நேராக மேலெழும்பி மரங்களுக்கு மேல் போய்விட்டதாம்.

முதல் வேட்டைப் பருவம் எப்போது மறுபடி திறந்தது?

1960ஆம் ஆண்டு வசந்தத்தில். மூன்றே நாள், 14 மாவட்டங்களில் மட்டும். மாநிலம் முழுவதிலும் சுடப்பட்டவை 94 சேவல்கள்.

அப்போது பெரியவருக்குப் பதினொரு வயது. தந்தை அவரைக் கூட்டிக்கொண்டு மூன்று நாளும் போனார். இரண்டாம் நாள் விடியலில் எதிர் மலையில் ஒரு சேவல் முழங்கியது. தந்தை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாராம். நாற்பது வயது மனிதர். தன் அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டிருந்த அந்தக் குரலை அன்றுதான் முதன்முதலாகத் தன் காதால் கேட்டார். மூன்று நாளில் ஒரு பறவையைக்கூடப் பார்க்கவில்லை. ‘அந்த வருஷம் எங்களுக்கு நல்ல வருஷம்’ என்றுதான் பெரியவர் இன்றும் சொல்கிறார்.

ஒரு தலைமுறை முழுக்க இந்தக் குரலைக் கேட்காமலே வளர்ந்தது என்பதை அவர் சொல்லித்தான் உணர்ந்தேன். வேட்டை தெரிந்த தாத்தாவுக்குப் பறவை இல்லை. பறவை வந்தபோது தந்தைக்கு வேட்டை தெரியவில்லை. தந்தைகளும் மகன்களும் சேர்ந்தே புதிதாகக் கற்றார்கள்.

இதற்கெல்லாம் பணம் யார் கொடுத்தது?

பெரும்பகுதி வேட்டைக்காரர்களே. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதக் கூட்டாட்சி வரி உண்டு. அந்தப் பணம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு மாநிலங்களுக்குப் பிரிந்து போகிறது. மிசூரி மக்கள் இன்னொரு படி மேலே போனார்கள். 1976-இல் வாக்களித்து, விற்பனை விலையில் எட்டில் ஒரு சதவீத வரியைக் காட்டுக்கும் காட்டுயிருக்கும் என்றே ஒதுக்கினார்கள். நான் கடையில் பால் வாங்கினாலும் அதில் ஒரு துளி வான்கோழிக்குப் போகிறது. இதை நினைக்கும்போது எனக்கு இந்த மாநிலத்தின் மீது மதிப்பு கூடுகிறது.

பெட்டையின் குரலை எப்படி எழுப்புகிறார்கள்? கருவிகள் மாறியிருக்கின்றனவா?

மாறியிருக்கின்றன. ஆனால் மிகப் பழையதும் இன்னும் வேலை செய்கிறது.

மிகப் பழையது வான்கோழியின் சிறகெலும்பு. வெள்ளையர் வருவதற்கு முன்பே பழங்குடி மக்கள் அதைப் பயன்படுத்தினார்கள். பெட்டையின் சிறகில் உள்ள மூன்று எலும்புகளை வேகவைத்து, மஜ்ஜையைக் கம்பியால் குத்தி எடுத்து, முனைகளை வெட்டி, மெல்லியதைச் சற்றுத் தடித்ததிலும் அதை இன்னும் தடித்ததிலும் செருகி, நூல் சுற்றி ஒட்டுவார்கள். பெரியவரிடம் அவருடைய தாத்தா செய்தது இருக்கிறது. ஒரு புகையிலைத் தகர டப்பாவில் பஞ்சுக்கு நடுவே வைத்திருக்கிறார். பழைய பல் போல் மஞ்சளாகி, உதடு படும் இடம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது. அதை ஊதக்கூடாது, உதட்டைக் குவித்து முத்தமிடுவதுபோல் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். நான் இழுத்தபோது எலி கீச்சிட்டது போல் வந்தது. அவர் இழுத்தபோது ஒரு பெட்டை என் தோளுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டது.

அடுத்து மரப்பெட்டி. ஒரு பக்கம் ஆணியில் சுழலும் மூடி கொண்ட சிறு நீளப் பெட்டி. மூடியின் அடியில் சாக்கட்டி தேய்த்து, பெட்டியின் மெல்லிய விளிம்பில் உரசினால் குரல் வரும். ஆர்க்கன்சாவைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் என்பவர் 1897-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தேவதாரு வகை மரத்தில் செய்தது ஒரு குரல், வால்நட் மரத்தில் செய்தது இன்னொரு குரல். மழைத் தூறலில் சாக்கட்டி நனைந்துவிட்டால் குரலே எழாது. அதனால் ரொட்டி வந்த பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொள்வார்கள். சிலேட்டுக் கல்லில் குச்சியால் கீறி எழுப்புவது இன்னொரு வகை.

பெரியவரின் தலைமுறையில் பரவியது வாய்க்குள் அடங்கும் ரப்பர்ச் சவ்வு. லாட வடிவச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கும். அதை அண்ணத்தில் ஒட்டவைத்துக் காற்றை விடுவார்கள். கை இரண்டும் துப்பாக்கியில் இருக்கலாம், அசைவே தெரியாது. இது பெரிய மாற்றம். இதோடு கூப்பிடும் போட்டிகள், ஒலிநாடாக்கள், பிறகு வீடியோக்கள் என்று வந்தன. தாத்தா காலத்துப் பாடம் ‘மூன்று முறை கூப்பிடு, கருவியைப் பைக்குள் போடு, அரை மணி நேரம் சும்மா இரு’ என்பது. மகனுடைய தலைமுறை வீடியோ பார்த்துக் கற்றது. அது நிறையக் கூப்பிடுகிறது. எனக்குத் தாத்தாவின் பாடம்தான் சரியென்று படுகிறது. காட்டுப் பெட்டைகளைக் கேட்டுக்கொண்டே இருந்தால் தெரியும், அவையும் அவ்வளவு பேசுவதில்லை.

பதிவு செய்த ஒலியை மின்கருவியில் போட்டுக் கூப்பிடுவதை மிசூரி சட்டம் தடுக்கிறது. இது நல்ல சட்டம். பேத்திக்கு இப்போது பதினான்கு வயது. அவளிடம் சவ்வும் இருக்கிறது, பெட்டியும் இருக்கிறது; ஆனால் சிறகெலும்பில் இழுக்கத்தான் இரண்டு குளிர்காலமாகப் பயின்றுகொண்டிருக்கிறாள்.

துப்பாக்கி மாறியதா?

நிறைய. தாத்தாவிடம் இருந்தது இரட்டைக் குழல். வீட்டில் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். ஈய ரவை போட்ட தோட்டா. நாற்பது கஜத்துக்குள் பறவை வந்தால்தான் சுட வேண்டும் என்பது விதி. 1988-இல் மூன்றரை அங்குலத் தோட்டா வந்தது. தோள் நோகும் அளவுக்கு உதைக்கும். குழல் முனையைக் குறுக்கும் திருகுகளும், சிவப்புப் புள்ளி காட்டும் குறிக் கண்ணாடியும் சேர்ந்தன.

அண்மையில் வந்தது டங்ஸ்டன் ரவை. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், இதற்குச் சுமார் 18 கிராம். எடை அதிகம் என்பதால் மிகச் சிறிய ரவையே ஆழமாகப் பாயும். ஒரு தோட்டாவுக்குள் நிறைய ரவை அடங்கும். இதனால் பதினான்கு வயதுப் பெண்ணும் உதைப்புக் குறைந்த, சிறிய குழல் கொண்ட 20 கேஜ் துப்பாக்கியால் சரியாகச் சுட முடிகிறது. இது நல்லது. விலை மட்டும் கையைக் கடிக்கும். கெட்டது என்னவென்றால், அறுபது, எழுபது கஜத்தில் சுட்டுப் பார்க்கும் ஆசை சிலருக்கு வந்துவிட்டது. அவ்வளவு தூரத்தில் தப்பினால் பறவை காயத்தோடு போய் எங்கோ சாகும். பறவையை அருகே வரவழைக்க முடியாதவர் துப்பாக்கியைத் தாழ்த்த வேண்டும்.

இலைதழை அச்சிட்ட உடை, பொம்மைப் பறவை, கூடாரம் எல்லாம் பழையவையா?

உடை புதியது. பெரியவரின் தந்தை பழுப்பு நிற வேலைச் சட்டையில்தான் போனார். அசையாமல் இருப்பதே மறைவு. மரப்பட்டையும் இலையும் அச்சிட்ட வேட்டை உடைகள் 1980-களில் கடைக்கு வந்தன. டிரிபார்க் என்ற வகை 1980-இல், மோசி ஓக், ரியல்ட்ரீ என்ற வகைகள் 1986-இல். இன்று அதை அணியாதவரைக் காட்டில் பார்ப்பது அரிது.

பொம்மைப் பறவையின் கருத்து மிகப் பழையது. இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்க வைக்கும் விலங்கையும் பறவையையும் பழந்தமிழில் ‘பார்வை’ என்றே சொன்னார்கள். எவ்வளவு பொருத்தமான சொல் என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். ஆனால் வான்கோழி வேட்டையில் அது பரவலானது கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில்தான். உண்மை இறகு ஒட்டிய பெட்டை பொம்மையும் இளஞ்சேவல் பொம்மையும் வைத்தால், ஆத்திரம் கொண்ட சேவல் ஓடிவந்து பொம்மையையே தாக்கும். துணிக் கூடாரத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கை அசைவும் தெரியாது. குழந்தைகளுக்கும் முட்டி வலிக்கும் முதியவர்களுக்கும் கூடாரம் பெரிய உதவி. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் குறை சொல்வேன். விரித்த வாலிறகு விசிறியைக் கையில் பிடித்து, அதன் பின்னால் தவழ்ந்தபடி சேவலை நெருங்கிச் சுடுகிற முறை ஒன்று பரவியிருக்கிறது. தூரத்தில் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரர் கண்ணுக்கு அந்த விசிறிதான் வான்கோழி. ஆபத்து என்பதால் சில மாநிலங்கள் பொது நிலங்களில் இதைத் தடை செய்திருக்கின்றன.

சிவப்பு அணியக் கூடாதாமே?

ஆம். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சேவல் தலையின் நிறங்கள். கைக்குட்டை, காலுறை, உள்சட்டை எதிலும் இருக்கக் கூடாது. முதல் ஆண்டு என் கழுத்தில் இருந்த சிவப்புக் கம்பளித் துண்டைப் பெரியவர் வாசலிலேயே கழற்றி வாங்கிக்கொண்டார். இன்னொருவர் வருவது தெரிந்தால் கையை ஆட்டக் கூடாது. மனிதக் குரலில் உரக்கப் பேச வேண்டும்.

சுட்ட பிறகு என்ன செய்கிறார்கள்?

முன்பு ‘செக் ஸ்டேஷன்’ என்று ஒன்று இருந்தது. கிராமத்துக் கடை வாசலிலோ பெட்ரோல் பங்க்கிலோ தராசு தொங்கும். பறவையைக் கொண்டுவந்து எடை போட்டு, தாடியையும் கால் முள்ளையும் அளந்து, எழுதிக்கொள்வார்கள். காலை பத்து மணிக்கு ஊரே அங்கே இருக்கும். எந்த மலையில் எத்தனை முழங்கின, யாருக்குத் தப்பியது என்று காப்பி குடித்தபடி பேசுவார்கள். சிறுவர்கள் வேட்டையைக் கற்றதில் பாதி அங்கேதான். இப்போது காட்டில் நின்றபடியே தொலைபேசியில் பதிவு செய்துவிடலாம். கணக்குச் சரியாக வருகிறது, வேலை சுலபம். ஆனால் அந்தத் தராசடிப் பேச்சு போய்விட்டதே என்று பெரியவர் வருந்துகிறார். எனக்கும் வருத்தம்தான், நான் வந்தபோதே அது முடிந்துவிட்டிருந்தது.

கறியை வீணாக்குவது குற்றம். நெஞ்சுக் கறியைப் பட்டைகளாக நறுக்கி, மாவில் புரட்டிப் பொரிப்பார்கள். கால் நார்நாராக இருக்கும். நான்கு மணி நேரம் மெதுவாக வேக வேண்டும். எங்கள் வீட்டில் மிளகும் சோம்பும் அரைத்துப் போட்டுச் சுக்காவாக வறுத்தேன். பெரியவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எண்ணிக்கை மறுபடி குறைகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நாடு முழுவதும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அறுபது லட்சத்தைத் தாண்டிய பறவைகள், அதன் பிறகு பல மாநிலங்களில் சரிந்தன. மிசூரியில் 2004 வசந்தத்தில் 60,000-க்கும் மேல் சுடப்பட்டன. 2021-இல் அது சுமார் 35,000-ஆக இறங்கியது.

ஒரே காரணம் என்று எதையும் சுட்ட முடியாது. முக்கியமானது குஞ்சுகள் பிழைக்காதது. பெட்டை தரையில் பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு 28 நாள் அடைகாக்கும். பொரித்த பிறகும் ஏறக்குறைய இரண்டு வாரம் குஞ்சால் பறக்க முடியாது. மழையில் நனைந்தால் விறைத்துச் சாகும். முட்டை தின்னும் ரக்கூன் என்ற சிறு விலங்கு முன்பு தோலுக்காகப் பிடிக்கப்பட்டது. 1980-களின் இறுதியில் தோல் விலை விழுந்ததும் பிடிப்பவர் குறைந்தார்கள், ரக்கூன் பெருகியது. மேய்ச்சலுக்காக விதைத்த அடர்ந்த ஃபெஸ்கியூ புல்லில் குஞ்சு நடக்கவும் முடியாது, பூச்சியும் கிடைக்காது. பெட்டைகள் கூடுவதற்கு முன்பே முதன்மைச் சேவல்களைச் சுட்டுவிடுகிறோமா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. ஆய்வாளர்கள் பறவைகளுக்கு ஜிபிஎஸ் கருவி பூட்டி அதை ஆராய்கிறார்கள், வாதம் இன்னும் ஓயவில்லை.

மாநிலங்கள் ஒவ்வொன்றாக விதிகளை இறுக்குகின்றன. ஜார்ஜியா 2022-இல் ஒருவருக்கு மூன்று சேவல் என்பதை இரண்டாக்கி, பருவத்தையும் தள்ளி வைத்தது. அலபாமா அதே ஆண்டு ஐந்தை நான்காகக் குறைத்து, முதல் பத்து நாள் பொம்மைப் பறவைக்குத் தடை போட்டது. டென்னசி நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு என்று இறங்கியது.

பெரியவர் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. மிசூரியில் வசந்தத்தில் இரண்டு சேவல் எடுக்கலாம். ஆறு ஆண்டுகளாக அவர்கள் குடும்பமே சேர்ந்து ஒன்றுதான் எடுக்கிறது. ஆற்றோரமாக இருந்த ஃபெஸ்கியூ புல்லை அழித்து, நாட்டுப் புல்லும் காட்டுப் பூச்செடிகளும் விதைத்திருக்கிறார். சென்ற ஜூலையில் அந்தப் புல்லோரம் ஒரு பெட்டையும் ஏழு குஞ்சுகளும் வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டிருந்ததை இருவரும் வண்டியை நிறுத்தி எண்ணினோம். ஒன்றை விட்டுவிட்டோமோ என்று அவர் மூன்று முறை எண்ணினார்.

வேட்டையாடாமல் அந்தக் குரலை மட்டும் கேட்க முடியுமா?

தாராளமாக. மார்ச் கடைசியில், வேட்டைப் பருவம் திறப்பதற்கு முன்பே போவது நல்லது. ஆபத்தும் இல்லை, பறவைக்குத் தொந்தரவும் குறைவு. காற்றில்லாத, வானம் தெளிந்த காலையாக இருக்கட்டும். சூரியன் எழ முக்கால் மணி நேரம் இருக்கும்போதே ஒரு மலை முகட்டில் போய் நிற்க வேண்டும். காரின் கதவை அறையாமல் மெதுவாகச் சாத்துங்கள். முதலில் சிறு பறவைகள் தொடங்கும். எங்காவது ஆந்தை அலறினால் கவனியுங்கள். ஆந்தைக்குச் சேவல் தன்னையறியாமல் பதில் முழங்கும். அதனால்தான் வேட்டைக்காரர்கள் ஆந்தைபோல் கூவிப் பார்க்கிறார்கள்; ஒரு முறை கூவினால் போதும். கேட்ட திசையில் நடக்காதீர்கள். நின்ற இடத்திலேயே நின்றால், பதினைந்து இருபது நிமிடத்தில் கனமான சிறகுகள் கிளையிலிருந்து இறங்கும் ஓசையும் கேட்கும். ஈரத் துணியை உதறுவது போல் இருக்கும்.